மலை தெரியும் மைதானம்



இரட்டைமலை சீனிவாசனின் நினைவாகப் பேச வேண்டும் என்று நண்பர்கள் கேட்டபோது, ‘பறையன்’ இதழைப் பற்றியோ வட்டமேசை மாநாட்டைப் பற்றியோ பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அவற்றைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். அவருடைய வாழ்க்கையில் நாம் அதிகம் தொடாத ஒரு பகுதியிலிருந்து தொடங்குகிறேன். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனுக்குப் போக நினைத்துப் புறப்பட்டவர், தென்னாப்பிரிக்காவில் தங்க நேர்ந்தது. டர்பன் நகரத்து நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். 1860 நவம்பரில் ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுபோய் இறக்கிய துறைமுகம் அது. கரும்புத் தோட்டத்திலிருந்து வழக்காடு மன்றத்துக்கு வந்து நின்ற தமிழ்க் கூலிகளின் பேச்சை வெள்ளைக்கார நீதிபதிக்குப் பெயர்த்துச் சொல்வது எப்படிப்பட்ட வேலையாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

1921இல் அவர் ஊர் திரும்பினார். 1923இல் சென்னைச் சட்டசபையில் நியமன உறுப்பினரானார். மறு ஆண்டே அவர் கொண்டுவந்த தீர்மானம் நாமெல்லோரும் அறிந்தது. பொதுச் சாலை, பொதுத் தெரு, பொதுக் கிணறு, குளம், அரசு அலுவலகம், மக்கள் கூடும் பொது இடம் ஆகியவற்றில் எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் நடக்கவும் புழங்கவும் தடையில்லை என்பது அதன் சாரம். ஏற்கெனவே ‘பொது’ என்று பெயர் வைத்திருந்த இடத்துக்குள் நுழைய, தனியாக ஒரு தீர்மானம் தேவைப்பட்டது. அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை பூட்டுகள் இருந்தன என்பதை அவர் காட்டிக்கொடுத்தார்.

அவர் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் வாழ்ந்த அந்த நாட்டில், அவர் காலத்துக்கு மிகவும் பின்னால், ஒரு பொது நிலத்தில் கட்டப்பட்ட கால்பந்து அரங்கத்தின் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன். கேப் டவுன் நகரத்தில் 2010 உலகக் கோப்பைக்காக எழுந்த அரங்கம் அது. ஏன் கால்பந்து, ஏன் கேப் டவுன் என்று கேட்கலாம். நான் வளர்ந்த சேரியின் பிள்ளைகளுக்கு ஊர் மைதானத்தில் இடம் கிடையாது. கோடையில் ஏரி வற்றினால்தான் எங்களுக்கு மைதானம். மழை பெய்தால் ஆட்டம் முடிந்தது. ஒரு மைதானம் எந்த இடத்தில் அமைகிறது, அதை யார் முடிவு செய்கிறார்கள் என்ற கேள்வி எனக்கு அப்போதிலிருந்தே இருக்கிறது. அந்தக் கேள்விக்கு மிகத் துலக்கமான பதில் கிடைத்த இடங்களில் ஒன்று கேப் டவுன்.

ஆத்லோன் எப்படி உருவானது

கேப் டவுனின் முதுகில் மேசை மலை நிற்கிறது. மலைக்கும் அட்லாண்டிக் கடலுக்கும் நடுவில் இருக்கும் சரிவில்தான் பழைய நகரம். மலைக்குக் கிழக்கே, காற்றும் மணலும் அடிக்கும் தாழ்வான சமவெளி ஒன்று விரிந்துகிடக்கிறது. அதைக் கேப் ஃபிளாட்ஸ் என்பார்கள். நகரம் அழகு, சமவெளி வறுமை என்ற இந்தப் பிரிவினையை இயற்கை செய்யவில்லை. சட்டம் செய்தது.

1950இல் குழுப் பகுதிகள் சட்டம் வந்தது. எந்த நிறத்தவர் எந்தத் தெருவில் வாழலாம் என்று அரசே கோடு போட்டது. நகரத்தை ஒட்டி டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்றொரு பகுதி இருந்தது. விடுதலையான அடிமைகளின் வழித்தோன்றல்கள், துறைமுகத் தொழிலாளிகள், தையற்காரர்கள், சிறு வணிகர்கள், குடியேறிய யூதர்கள், இந்தியர்கள் என்று பலரும் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி. 1966 பிப்ரவரி 11 அன்று அது வெள்ளையர் பகுதி என்று அறிவிக்கப்பட்டது. அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் 60,000க்கும் மேற்பட்ட மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். வீடுகளைப் புல்டோசர் இடித்தது. மசூதிகளையும் தேவாலயங்களையும் விட்டுவிட்டார்கள். கிரீன் பாயிண்டை அடுத்த சீ பாயிண்டில் டிராம்வே ரோட்டுக் குடும்பங்களுக்கும் 1960ஐ ஒட்டி இதே கதிதான். தாங்கள் பெருக்கித் துடைத்த வெள்ளையர் வீடுகளுக்கு இனி அவர்கள் பேருந்தும் ரயிலும் பிடித்து வர வேண்டியிருந்தது. நம்மூரில் சேரியைத் தள்ளி வைத்தாலும் சேரியின் உழைப்பைத் தள்ளி வைப்பதில்லை அல்லவா, அதுபோல.

இப்படி விரட்டப்பட்டவர்கள் போய்ச் சேர்ந்த கேப் ஃபிளாட்ஸ் பகுதிகளில் ஒன்றுதான் ஆத்லோன். நிறவெறி அரசின் கணக்கில் ‘கலர்டு’ என்று பட்டியலிடப்பட்ட மக்களின் இடம். 1972இல் அங்கே ஒரு கால்பந்து அரங்கம் எழுந்தது. 1985 அக்டோபர் 15 அன்று, ரயில்வே லாரியில் மரப்பெட்டிகளுக்குள் ஒளிந்து வந்த போலீசார் ஆத்லோனின் தெருவில் எழுந்து நின்று சுட்டதில் மூன்று இளம் பிள்ளைகள் இறந்தார்கள். ‘ட்ரோஜன் குதிரை’ என்று வரலாறு அதைப் பதிந்திருக்கிறது. ஆத்லோன் என்ற பெயரைக் கேட்டால் அந்நாட்டவர்க்கு நினைவு வருபவை இந்த இரண்டும்தான்: போராட்டம், கால்பந்து.

கம்பத்தைச் சுமந்து வந்தவர்கள்

தென்னாப்பிரிக்காவில் ரக்பியும் கிரிக்கெட்டும் வெள்ளையரின் பெருமைக்குரிய விளையாட்டுகளாக இருந்தன. கறுப்பின மக்கள் அவற்றையும் ஆடினார்கள். ஆனால் கால்பந்துதான் அவர்களுடைய வெகுமக்கள் விளையாட்டு. 1951இல் ஆப்பிரிக்கர், கலர்டு, இந்தியர் என்று தனித்தனியாக இயங்கிய சங்கங்கள் ஒன்றுசேர்ந்து தென்னாப்பிரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பை உருவாக்கின. அதை உருவாக்கியதில் நேட்டால் இந்தியர்களுக்குப் பெரிய பங்குண்டு. டர்பனில் கர்ரீஸ் ஃபவுண்டன் என்ற மைதானம் அவர்களுடைய கோட்டையாக இருந்தது. ஒப்பந்தக் கூலிகளின் பேரப் பிள்ளைகள் ஆடிய மைதானம் அது. பின்னாளில், 1974இல், மொசாம்பிக் விடுதலையைக் கொண்டாடத் தடையை மீறிக் கூட்டம் கூடியதும் அங்கேதான்.

1961இல் இந்த அணியினர் நிறம் பார்க்காத ஒரு தொழில்முறை லீக்கைத் தொடங்கினார்கள். கூட்டம் அலைமோதியது. வெள்ளையர் சங்கத்துக்கும் நகராட்சிகளுக்கும் அது பொறுக்கவில்லை. லீக்கைத் தடைசெய்ய அவர்கள் பெரிய சட்டம் எதுவும் போடவில்லை. மைதானத்தைக் கொடுக்க மறுத்தார்கள், அவ்வளவுதான். மைதானங்கள் எல்லாம் நகராட்சிச் சொத்து. பொதுச் சொத்து என்றுதான் பெயர்.

1963இல் ஜொஹானஸ்பர்க்கின் நட்டல்ஸ்ப்ருயிட் மைதானத்தில் ஒரு போட்டிக்கு முன்பு நடந்தது இதற்குச் சாட்சி. கதவைப் பூட்டி, கோல் கம்பங்களையும் பிடுங்கி வைத்துவிட்டார்கள். ஆயிரக்கணக்கான ரசிகர்கள் வேலியேறிக் குதித்தார்கள். எங்கிருந்தோ கம்பங்களைக் கொண்டுவந்து நட்டார்கள். ஆட்டம் நடந்தது. ஆனால் எத்தனை வாரம் இப்படிக் கம்பம் சுமக்க முடியும்? மைதானம் கிடைக்காமலேயே அந்த லீக் சில ஆண்டுகளில் செத்துப்போனது. ஊர்க் கிணற்றில் நீர் எடுக்கக் கூடாது என்று எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. ஆனாலும் எடுக்க முடியவில்லை. அதே வழிமுறைதான் இதுவும்.

இன்னொரு மைதானத்தையும் சொல்ல வேண்டும். கேப் டவுன் கரையிலிருந்து பார்த்தால் தெரியும் ராபன் தீவுச் சிறை. அங்கே அரசியல் கைதிகள் கால்பந்து ஆட அனுமதி கேட்டு ஆண்டுக்கணக்கில் மனுப்போட்டார்கள். கேட்டதற்காகத் தண்டனையும் பெற்றார்கள். 1967 டிசம்பரில்தான் அனுமதி கிடைத்தது. கரையொதுங்கிய மீன்வலைகளைக் கோல் வலையாகக் கட்டினார்கள். மகானா கால்பந்துச் சங்கம் என்று பெயரிட்டு, சர்வதேச விதிப்படி லீக் நடத்தினார்கள். முறையீட்டுக் குழு உட்பட எல்லாம் இருந்தது. பதினைந்து வயதில் சிறைக்கு வந்த டிக்காங் மொசெனெக்கே என்ற இளைஞர் அந்தச் சங்கத்தின் தலைவராக இருந்தார். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள். பின்னால் மறுபடியும் வரும்.

ஃபிஃபா அமைப்பு நிறவெறித் தென்னாப்பிரிக்காவை 1961இல் இடைநீக்கம் செய்தது; 1963இல் திரும்பச் சேர்த்தது; 1964இல் மீண்டும் நீக்கியது; சொவெட்டோ எழுச்சி நடந்த 1976இல் முழுவதுமாக வெளியேற்றியது. 1992இல்தான் அந்நாடு திரும்ப வந்தது. 2004 மே 15 அன்று ஜூரிச்சில் 2010 உலகக் கோப்பை தென்னாப்பிரிக்காவுக்கு என்று அறிவித்தபோது அந்நாட்டு மக்கள் தெருவில் இறங்கி ஆடியதில் வியப்பில்லை. மைதானம் மறுக்கப்பட்டவர்களுக்கு இனி மைதானம் கிடைக்கும் என்று நம்ப அவர்களுக்கு எல்லாக் காரணமும் இருந்தது.

மூன்று மைதானங்கள், ஒரு முடிவு

கேப் டவுனில் ஆட்டங்களை எங்கே நடத்துவது? முதலில் திட்டத்தில் இருந்தது நியூலண்ட்ஸ். வசதியானவர்கள் வாழும் பகுதியில் உள்ள பழைய ரக்பி மைதானம். அதைச் செப்பனிட்டுக் காலிறுதி வரை நடத்தலாம் என்பது எண்ணம். அடுத்து வந்த யோசனை ஆத்லோன். இருக்கும் அரங்கத்தைப் பெரிதாக்கலாம்; அதனோடு சேர்ந்து சாலை, ரயில், விளக்கு, கடைத்தெரு எல்லாம் கேப் ஃபிளாட்ஸ் மக்களுக்கு வந்து சேரும்; கால்பந்து பார்க்கும் மக்கள் அங்கேதான் இருக்கிறார்கள் என்று அதை ஆதரித்தவர்கள் வாதிட்டார்கள். பிளவுண்ட நகரத்தைத் தைக்கும் ஊசியாக ஒரு அரங்கம் இருக்கட்டும் என்பதுதான் அந்த வாதத்தின் உட்பொருள்.

மூன்றாவது இடம் கிரீன் பாயிண்ட். கடலோரம். துறைமுகத்தை ஒட்டிய சுற்றுலா வளாகத்துக்குப் பக்கம். கிரீன் பாயிண்ட் காமன் என்று அதற்குப் பெயர். ‘காமன்’ என்றால் ஊர்ப் பொது நிலம், நம் பேச்சில் மந்தைவெளி. 1862இல் அங்கே ஆடிய ஆட்டம்தான் தென்னாப்பிரிக்காவில் பதிவான முதல் கால்பந்து ஆட்டம் என்று குறிப்பிடுவார்கள். போயர் போரின்போது ஆங்கிலேயர் அங்கே போர்க்கைதிகளை அடைத்துவைத்தார்கள். கறுப்பின, கலர்டு அணிகள் பல பத்தாண்டுகள் அந்த நிலத்தின் ‘டிராக்’ மைதானத்தில் கால்பந்தும் ரக்பியும் ஆடியிருக்கிறார்கள். 2005இல் அங்கே ஒரு சிறிய பழைய அரங்கமும் கோல்ஃப் மைதானமும் இருந்தன.

2005ஆம் ஆண்டின் இறுதியில் ஃபிஃபா குழு வந்து பார்த்தது. அதன் பிறகு காற்று கிரீன் பாயிண்ட் பக்கம் வீசியது. பின்னால் மேசை மலை, முன்னால் கடல்: தொலைக்காட்சிக்கு இதைவிட நல்ல காட்சி கிடைக்காது. குடிசைகளும் வறுமையும் பின்னணியாக வருவதைக் கோடிக்கணக்கான நேயர்கள் விரும்ப மாட்டார்கள் என்று ஃபிஃபா தரப்பில் ஒருவர் சொன்னதாக அப்போது பத்திரிகைகள் எழுதின. 2006இன் தொடக்கத்தில் முடிவு உறுதியானது.

இதற்கு ஆதரவாகச் சொல்லப்பட்ட காரணங்களையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அரையிறுதி நடத்த 60,000 இருக்கைகளாவது வேண்டும். நியூலண்ட்ஸில் அது முடியாது. ஆத்லோனைச் சுற்றி விடுதிகளும் போக்குவரத்தும் போதாது. கிரீன் பாயிண்டிலிருந்து நகர மையத்துக்கு நடந்தே போகலாம். இவை பொய்க் காரணங்கள் அல்ல. ஆனால் ஒன்றைக் கேட்க வேண்டும். ஆத்லோனில் ஏன் போக்குவரத்து இல்லை? விடுதி ஏன் இல்லை? அவற்றை இல்லாமல் செய்தது யார்? நிறவெறி அரசு அந்த மக்களை வசதியில்லாத இடத்தில் கொண்டுபோய்க் கொட்டியது. ஜனநாயக அரசு வந்து, வசதியில்லாத இடம் என்பதால் அங்கே முதலீடு செய்ய முடியாது என்றது. முதல் அநீதி இரண்டாவது அநீதிக்குத் தொழில்நுட்பக் காரணமாக மாறிவிடுகிறது. பள்ளிக்கூடம் ஊருக்குள் இருக்கும். ஏன் என்றால் சேரியில் ரோடு இல்லை. ரோடு ஏன் இல்லை என்றால் அங்கே அரசுக் கட்டடம் எதுவும் இல்லை. இந்த வட்டத்தை நாம் நன்றாக அறிவோம்.

2006 மார்ச்சில் உள்ளாட்சித் தேர்தலுக்குப் பின் நகர நிர்வாகம் கைமாறியது. ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸ் போய், ஜனநாயகக் கூட்டணியின் ஹெலன் ஸில்லே மேயரானார். செலவுக் கணக்கைச் சரிபார்க்க வேண்டும் என்று திட்டத்தைச் சிறிது காலம் நிறுத்திப் பார்த்தார். கடைசியில் அவருடைய நிர்வாகமே கட்டியது. கிரீன் பாயிண்டின் வசதியான குடியிருப்போரும் எதிர்த்தார்கள். நெரிசல் வரும், காட்சி மறையும் என்பது அவர்கள் கவலை. கட்சிகள் மாறின, வாதங்கள் மாறின. கேப் ஃபிளாட்ஸ் மக்களின் குரல் மட்டும் எந்த மேசையிலும் கடைசி முடிவாக இருக்கவில்லை. 2007 மார்ச்சில் வேலை தொடங்கியது. 2009 டிசம்பரில் முடிந்தது. 440 கோடி ராண்டுக்கு மேல் செலவு. பெரும்பங்கு தேசிய அரசின் பணம். ஆத்லோன் அரங்கத்துக்கும் கொஞ்சம் பணம் கிடைத்தது. அணிகள் பயிற்சி செய்யும் இடமாக அதைச் சீரமைத்தார்கள். ஆட்டம் கடலோரத்தில், ஒத்திகை சமவெளியில்.

அடியில் கிடந்தவர்கள்

அரங்கம் திட்டமாவதற்கு முன்பே, 2003 மே மாதத்தில், அதே கிரீன் பாயிண்ட் பகுதியின் பிரெஸ்ட்விச் தெருவில் அடுக்குமாடிக் குடியிருப்புக்குக் கடைக்கால் தோண்டினார்கள். எலும்புகள் வந்தன. தோண்டத் தோண்ட வந்தன. 2,500க்கும் மேற்பட்டவர்களின் எச்சங்கள். டச்சுக்காரர் காலத்தில் தேவாலயத்து இடுகாட்டில் இடம் கிடைக்காதவர்களை ஊருக்கு வெளியே புதைத்த நிலம் அது: அடிமைகள், கொய் மக்கள், ஏழை மாலுமிகள், பெயரற்றவர்கள். பெயர்ப் பலகை இல்லாத இடுகாடு.

‘பிரெஸ்ட்விச் தெருவில் கைவைக்காதே’ என்று ஒரு குழு எழுந்தது. டிஸ்ட்ரிக்ட் சிக்ஸிலிருந்து விரட்டப்பட்டவர்களின் குடும்பத்தார் அதில் முன்னணியில் நின்றார்கள். இறந்தவர்களை அங்கேயே விட்டுவையுங்கள், ஆய்வுக்கூடத்தில் வைத்து அளக்காதீர்கள் என்று கேட்டார்கள். மேல்முறையீடுகள் தோற்றன. எலும்புகளை எடுத்துவிட்டுக் குடியிருப்பு எழுந்தது. எலும்புகளை அட்டைப் பெட்டிகளில் அடுக்கி வைக்க 2008இல் ஒரு நினைவிடம் கட்டினார்கள். 2010 உலகக் கோப்பையின்போது, நகர மையத்திலிருந்து அரங்கம் வரை ரசிகர்கள் நடந்துபோக ‘ரசிகர் நடைபாதை’ என்று ஒரு பாதை அமைத்தார்கள். அது அந்த நினைவிடத்தை ஒட்டித்தான் போனது. நினைவிடக் கட்டடத்துக்குள்ளேயே ஒரு காப்பிக் கடையும் வந்தது.

இதில் நமக்கு நேரடித் தொடர்பு ஒன்றுண்டு. கேப் டவுனுக்குக் கொண்டுவரப்பட்ட அடிமைகளில் பெரும்பகுதியினர் ஆப்பிரிக்காவின் உள்நாட்டிலிருந்து வந்தவர்கள் அல்லர். மடகாஸ்கர், மொசாம்பிக், இந்தோனேசியத் தீவுகள், இந்தியத் துணைக்கண்டம் ஆகிய இடங்களிலிருந்து கடல் வழியாகக் கொண்டுவரப்பட்டவர்கள். டச்சுக் கம்பெனியின் ஏடுகளில் அடிமையின் பெயருக்குப் பின்னால் பிறந்த இடமே குடும்பப் பெயராக நிற்கும்: இன்னார் வங்காளத்தார், இன்னார் மலபாரார், இன்னார் கொரமண்டலார். கொரமண்டல் என்றால் நம் சோழமண்டலக் கரை. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் அதே கம்பெனிக்குக் கோட்டைகள் இருந்தன. பஞ்சக் காலத்தில் மனிதர்களை விலைக்கு வாங்கி ஏற்றியதை அந்தக் கம்பெனியின் பதிவுகளே சொல்கின்றன. பஞ்சம் வந்தால் முதலில் விற்கப்படுபவர் யார் என்பதை இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பிரெஸ்ட்விச் தெருவின் பெட்டிகளில் இருக்கும் எலும்புகளில் எது யாருடையது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. நம் கரையிலிருந்து போனவர்கள் அந்த நகரத்தில்தான் செத்தார்கள் என்பதை மட்டும் சொல்லலாம்.

சாலையோரத்து மக்கள்

விமான நிலையத்திலிருந்து நகரத்துக்குள் வரும் நெடுஞ்சாலை என்–2. அதை ஒட்டி, லாங்கா பகுதியில் ஜோ ஸ்லோவோ என்றொரு தகரக் குடியிருப்பு. நிறவெறிக்கு எதிராகப் போராடிய, விடுதலைக்குப் பின் வீட்டுவசதி அமைச்சராக இருந்த கம்யூனிஸ்ட் தலைவரின் பெயர். அந்த இடத்தில் ‘என்–2 கேட்வே’ என்று ஒரு பெரிய வீட்டுவசதித் திட்டம் வந்தது. 2005 ஜனவரியில் பெருந்தீயில் ஆயிரக்கணக்கான குடிசைகள் எரிந்தன. எரிந்த இடத்தில் எழுந்த அடுக்குமாடிகளின் வாடகை அங்கிருந்தவர்களின் கைக்கு எட்டவில்லை. மிச்சமிருந்த ஏறக்குறைய 20,000 பேரை நகரத்தின் ஓரத்தில் உள்ள டெல்ஃப்ட்டுக்குப் போகச் சொன்னார்கள். 2007 செப்டம்பரில் மக்கள் அந்த நெடுஞ்சாலையையே மறித்தார்கள். உலகக் கோப்பைக்கு வரும் விருந்தாளிகளின் கண்ணில் தகரம் படக்கூடாது என்பதற்காகத்தான் எங்களைத் துரத்துகிறார்கள் என்று அவர்களில் பலர் நம்பினார்கள். அரசு மறுத்தது.

வழக்கு அரசியல் சாசன நீதிமன்றத்துக்குப் போனது. 2009 ஜூன் 10 அன்று, நிபந்தனைகளோடு வெளியேற்றத்துக்கு நீதிமன்றம் அனுமதி கொடுத்தது. ஒப்புதல் தீர்ப்பு எழுதிய நீதிபதிகளில் ஒருவர், துணைத் தலைமை நீதிபதி டிக்காங் மொசெனெக்கே. ராபன் தீவில் மைதானத்துக்காக மனுப்போட்ட கைதிகளின் கால்பந்துச் சங்கத் தலைவர். அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த இதை நான் சொல்லவில்லை. மாற்று இடம் தர வேண்டும், புதிய வீடுகளில் 70 விழுக்காடு அந்த மக்களுக்கே தர வேண்டும் என்ற நிபந்தனைகள் அந்தத் தீர்ப்பில்தான் இருந்தன. ஆனால் நம் ஆட்கள் நாற்காலியில் அமர்ந்துவிட்டால் நிலம் தானாக நம்முடையதாகிவிடும் என்ற நம்பிக்கை நமக்கும் இருக்கிறது அல்லவா? அந்த நம்பிக்கையை உரசிப் பார்க்க இதைவிட நல்ல உரைகல் எனக்குத் தெரியவில்லை. மக்கள் அசையவில்லை. அரசு வெளியேற்றத்தைச் செயல்படுத்தவில்லை. 2011இல் அதே நீதிமன்றம் அந்த ஆணையை நீக்கியது. ஜோ ஸ்லோவோ அங்கேயே இருந்தது.

எல்லோருக்கும் அந்த வெற்றி கிடைக்கவில்லை. டெல்ஃப்ட்டில் வரிசை வரிசையாகத் தகர அறைகள் கட்டி ‘தற்காலிகக் குடியமர்வுப் பகுதி’ என்று பெயரிட்டார்கள். மக்கள் அதை ‘ப்ளிக்கிஸ்டார்ப்’ என்றார்கள். ஆப்பிரிகான்ஸ் மொழியில் தகர டப்பா ஊர் என்று பொருள். ஒரு குடும்பத்துக்கு 18 சதுர மீட்டர். வெயிலில் அடுப்பு, மழையில் குளம். உலகக் கோப்பைக்கும் இதற்கும் தொடர்பில்லை என்றது மாநகராட்சி. தொடர்பு உண்டு என்றார்கள் அங்கே கொண்டுவந்து விடப்பட்டவர்களில் பலர். தற்காலிகம் என்ற அந்த ஊர், கடைசி விசில் ஊதிப் பல ஆண்டுகள் கழித்தும் அங்கேயே இருந்தது.

அரங்கங்களைக் கட்டியவர்களையும் மறக்கக் கூடாது. 2009 ஜூலையில் நாடு முழுவதும் சுமார் 70,000 கட்டுமானத் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒரு வாரத்தில் 12 விழுக்காடு ஊதிய உயர்வு பெற்றார்கள். போட்டிக்கு இன்னும் ஓராண்டுகூட இல்லை என்பதுதான் அவர்கள் கையில் இருந்த ஆயுதம்.

நம் பெரியவர் வாழ்ந்த டர்பனிலும் ஒரு வெற்றி உண்டு. வார்விக் சந்திப்பில் விடியற்காலைச் சந்தை என்று ஒரு காய்கறிச் சந்தை இருக்கிறது. 1910இல் தொடங்கியது. ஒப்பந்தம் முடிந்து காய்கறித் தோட்டம் போட்ட இந்தியக் குடும்பங்கள் விடிவதற்குள் சுமை கொண்டுவந்து விற்ற இடம். சீனிவாசன் டர்பனில் இருந்த ஆண்டுகளில்தான் அது தொடங்கியது. 2009இல், உலகக் கோப்பை நெருங்கும் நேரத்தில், அதை இடித்து வணிக வளாகம் கட்ட நகராட்சி திட்டம் போட்டது. இந்திய வியாபாரிகளும் ஆப்பிரிக்கத் தெரு வியாபாரிகளும் சுமைதூக்கிகளும் சேர்ந்து நின்றார்கள். தடியடியும் வழக்கும் நடந்தன. வளாகம் வரவில்லை. சந்தை பிழைத்தது.

ஆட்டம் முடிந்த பிறகு

2010 ஜூன் 11 முதல் ஜூலை 6 வரை கிரீன் பாயிண்டில் எட்டு ஆட்டங்கள் நடந்தன. காலிறுதியில் ஜெர்மனி அர்ஜென்டினாவை 4–0 என்று வென்றது. அரையிறுதியில் நெதர்லாந்து உருகுவேயை 3–2 என்று வென்றது. மலையும் கடலும் உலகத் திரையில் அழகாகத் தெரிந்தன. அந்த மாதத்தில் அம்மக்கள் அடைந்த மகிழ்ச்சி உண்மையானது. அதைக் கேலி செய்ய எனக்கு உரிமையில்லை. வேலியேறிக் குதித்துக் கம்பம் நட்டவர்களின் பிள்ளைகள் அவர்கள்.

ஆனால் அரங்கத்தை முப்பது ஆண்டு குத்தகைக்கு எடுக்க முன்வந்த நிறுவனம், போட்டி முடிந்த சில மாதங்களிலேயே நட்டம் வரும் என்று விலகிக்கொண்டது. பராமரிப்பு மாநகராட்சியின் தலையில் விழுந்தது. எந்த நகரத்தில் கழிப்பறைக்காக மக்கள் தெருவில் இறங்கிப் போராடினார்களோ, அந்த நகரத்தின் பட்ஜெட்டிலிருந்து ஆண்டுதோறும் அரங்கத்துக்குப் பணம் போனது. நல்லதும் நடந்தது: பக்கத்தில் ஒரு பொதுப் பூங்கா வந்தது, புதிய பேருந்துச் சேவை வந்தது. 2021இல் நியூலண்ட்ஸை விட்டுவிட்டு ரக்பி அணி அங்கே குடிபுகுந்தது. கால்பந்துக்காகக் கட்டிய அரங்கம் கடைசியில் ரக்பியின் வீடானது. கால்பந்து ஆடும் பிள்ளைகள் இன்னும் சமவெளியில்தான் இருக்கிறார்கள்.

நாம் கேட்க வேண்டியவை

தோழர்களே, கேப் டவுன் தொலைவில் இருக்கிறது. ஆனால் சென்னையின் கால்பந்து எங்கே இருக்கிறது என்று கேட்டால் யாரும் யோசிக்காமல் வடசென்னை என்பார்கள். வியாசர்பாடியிலும் தண்டையார்பேட்டையிலும் புளியந்தோப்பிலும் பிள்ளைகள் வெறுங்காலில் ஆடுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் யார் வீட்டுப் பிள்ளைகள் என்பதும் நமக்குத் தெரியும். அதே மக்களை ஆற்றோரத்திலிருந்தும் சாலையோரத்திலிருந்தும் எடுத்துக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய் வைப்பதையும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். நாளை இங்கே ஒரு பெரிய அரங்கத்துக்குத் திட்டம் வரலாம். வரட்டும். விளையாட்டுக்கு நாம் எதிரிகள் இல்லை.

ஆனால் வரைபடத்தை விரிக்கும்போதே சில கேள்விகளை வைக்க வேண்டும். இந்த விளையாட்டை ஆடுகிறவர்கள் எங்கே இருக்கிறார்கள், அரங்கம் எங்கே வருகிறது? அங்கே இப்போது யார் இருக்கிறார்கள், அவர்கள் எங்கே போவார்கள்? அந்த நிலத்தின் அடியில் யாருடைய வரலாறு கிடக்கிறது? கட்டுகிறவர்களுக்கு என்ன கூலி? முதல் போட்டி முடிந்த மறுநாள் காலையில் அந்தக் கதவின் சாவி யார் கையில் இருக்கும்? செங்கல் வைத்த பிறகு கேட்டால் இவை புலம்பலாகிவிடும். திட்டமாக இருக்கும்போது கேட்டால்தான் இவற்றுக்குப் பல் இருக்கும். ஆத்லோன் மக்கள் தோற்றது மைதானத்தில் அல்ல. இடத்தைத் தேர்ந்தெடுத்த அந்தச் சில மாதங்களில்.

1924இல் சீனிவாசன் செய்தது ஒரு சொல்லைத் திறந்துவிட்ட வேலை. மக்கள் கூடும் பொது இடம் என்று தீர்மானத்தில் எழுதியபோது கிணறும் சாவடியும்தான் அன்று கண்முன் இருந்திருக்கும். அந்தச் சொல்லுக்குள் இன்று அரங்கமும் வரும், பூங்காவும் வரும், கடற்கரையும் வரும். அவர் வாங்கிக்கொடுத்தது நுழையும் உரிமை. அந்த இடம் எங்கே அமைய வேண்டும் என்று சொல்லும் உரிமையை வாங்கும் வேலை நம்மிடம் பாக்கி இருக்கிறது.

ஜெய்பீம்.